வெள்ளி மாலை முதல் திங்கள் காலை வரை

சனிக்கிழமை மத்தியானம் பன்னிரண்டரை ஆகியும் ராகுலனின் சப்பாத்துகளில் பனி உருகவில்லை. காலை ஏழு மணிக்கு வேலை முடிந்து வந்து கழற்றிவைத்தவை. டோர்செட் பார்க் அடுக்குமாடியின் பதினோராம் மாடி அது. சன்னலுக்குக் கீழே இருக்கிற ஹீற்றர் ஒக்ரோபரிலிருந்து ஓய்வில்லாமல் அனல் துப்பி, பக்கத்து வீட்டுக்காரர் பொரிக்கிற வெங்காயத்தின் வாசனையையும் காயாத துணிகளின் வாசனையையும் சேர்த்து அவித்துக்கொண்டிருக்கிற வீடு. வாசல் தட்டில் மனைவி நிரூபாவின் பூட்ஸைச் சுற்றியும், ஐந்து வயது மகள் சிவானியின் மஞ்சள் பூட்ஸைச் சுற்றியும் கறுத்த தண்ணீர் தேங்கி நின்றது. நடுவில் அவனுடைய சப்பாத்துகள் மட்டும் நுனியில் வெள்ளையாக, ஈரமே இல்லாமல் இருந்தன. நுனிகள் இரண்டும் கதவைப் பார்த்தபடி இருந்தன.

கிழமை நாட்களில் அவன் சப்பாத்தை உதறி எறிகிறவன். ஒன்று குசினி வாசலில் கிடக்கும், மற்றதைத் தேட வேண்டும். சனி ஞாயிறில் மட்டும் இப்படி ஒழுங்காக, போகப்போகிறவன் வைப்பதுபோல வைப்பான். நவம்பரிலேயே அவள் அதைக் கவனித்திருந்தாள். புருசன் திருந்திவிட்டான் என்று சந்தோசப்பட்டாள், வேறு என்ன.

இன்றைக்குச் சந்தோசப்பட முடியவில்லை. அவளுடைய கைப்பைக்குள் ஒரு பேப்பர் இருந்தது.

நிரூபா ஸ்காபரோவில் ஒரு வழக்கறிஞரிடம் வேலை செய்தாள். பொலிஸ் பிடித்தவர்களின் படமும் சிறைப் பதிவும் அமெரிக்காவில் போல இங்கே இணையத்தில் கொட்டிக் கிடப்பதில்லை. எந்த நீதிமன்றத்தில் என்றைக்கு யாருடைய வழக்கு என்ற பட்டியல் கிடைக்கும். மிச்சத்துக்கு அந்த நீதிமன்றத்தின் கவுண்டரில் போய் நின்று கோப்பைக் கேட்க வேண்டும். இந்த வழி தெரிந்தவள் என்பதால் கலியாணம் பேசுகிற சனமெல்லாம் அவளைத் தேடி வந்தது. "தங்கச்சி, பெடியன் நல்ல குடும்பம், நல்ல வேலை. எண்டாலும் பொலிஸ் கேஸ் ஏதும் கிடக்கோ எண்டு ஒருக்காப் பாருமன்." மூன்று வருடத்தில் நாலு கலியாணங்களை நிறுத்தியிருக்கிறாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஊருக்கெல்லாம் குறி சொல்லும் பல்லி கழுநீர்ப் பானைக்குள் விழுந்த கதை அவளுக்கும் தெரியும். அது வேறு யாருடைய கதையோ என்று இருந்துவிட்டாள்.

வியாழக்கிழமை றொனால்ட் அண்ணை அலுவலகத்துக்கு வந்தார். குடித்துவிட்டு வாகனம் ஓட்டி, வீக்கெண்ட் ஜெயில் கிடைத்தவர். கிழமை நாட்களில் வேலைக்குப் போகலாம்; வெள்ளி மாலை உள்ளே போனால் திங்கள் காலைதான் வெளியே விடுவார்கள். மேசையில் இருந்த குடும்பப் படத்தைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"உவர் உங்கட ஹஸ்பண்டோ? எனக்குப் பக்கத்துக் கட்டில்தான். பாவம், நித்திரையே கொள்ளார். இரவிலை சுவரைப் பாத்து, வீட்டிலை என்ன நடக்குது, பிள்ளை என்ன செய்யுது எண்டு கேட்டுக்கொண்டு கிடப்பார்."

"நீங்கள் ஆரையோ மாறி நினைக்கிறியள் அண்ணை."

அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார். "ஓமோம், மாறித்தான் போச்சு," என்றுவிட்டு அவசரமாக ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை, கூட வேலை செய்கிற நிரோஷினிக்குப் பக்கத்து நகர நீதிமன்றத்தில் அலுவல் இருந்தது. அவளிடம் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிக் கொடுத்தாள். மூன்று மணிக்கு நிரோஷினி ஒரு கோப்பின் பிரதியை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய்விட்டாள். ராகுலனின் பெயர். இந்த வீட்டு விலாசம், கதவு இலக்கத்தோடு. குடித்துவிட்டு ஓட்டி, தெருவைக் கடந்த ஒரு பெண்ணின் காலை முறித்த குற்றம். கைதான நாள் போன மே பதினொன்று.

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. ரெக்ஸ்டேலில் கூட்டாளியின் தகப்பன் செத்த வீடு என்று சொல்லிவிட்டு, மறுநாள் விடிய வந்தான். செத்த வீட்டால் வந்தவர் முழுகாமல் உள்ளே வரக்கூடாது என்று அவள் துவாயும் மாற்றுடுப்புமாக வாசலில் நின்றாள். அவனும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டு போய் முழுகினான். இல்லாத பிணத்துக்கு. முதுகு வலி, இனிக் கார் வேண்டாம், பஸ் போதும் என்று அடுத்த மாதம் அவன் சொன்னதும் இப்போது விளங்கியது. அலுவலகக் கழிவறையில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். அழுகையைவிடக் கோபம்தான் கூட இருந்தது.

கடைசிப் பக்கத்தில் தண்டனை இருந்தது. பதினைந்து வார இறுதிகள். வெள்ளி மாலை எட்டு மணி முதல் திங்கள் காலை ஆறு மணி வரை. எண்ணிப் பார்த்தாள். இதுதான் பதினைந்தாவது.

அன்று மாலை ராகுலன் வழக்கம்போல ஜக்கெற்றைப் போட்டான். பிக்கரிங்கில் ஒரு குடோனுக்கு இரவுக் காவல், வெள்ளி சனி ஞாயிறு மூன்று இரவும், பகலில் வீட்டில்தான். ஒக்ரோபரிலிருந்து அவன் சொல்லிவருவது அது. "நிரு, போட்டு வாறன். காலமை வந்திடுவன்." அவள் கைப்பையின் சிப்பை இழுத்து மூடினாள். காலையில் வரட்டும், பேப்பரை முகத்துக்கு நேரே பிடிப்போம் என்று இருந்தாள். சனி காலை ஏழு மணிக்குத் திறப்புச் சத்தம் கேட்டபோதுதான் மண்டைக்குள் ஏதோ இடறியது. திங்கள் வரை விடமாட்டார்களே.

கோப்பில்தான் எங்கோ பிழை என்று அன்று முழுக்கத் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். அவன் ஹோலில் சிவானியோடு தரையில் இருந்து பொம்மைக்குத் தலை பின்னினான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, சனி ஞாயிறு ராகுலனை அவளுக்குக் கூடுதலாகப் பிடிக்கும். கிழமை நாட்களில் "நீ" என்பவன் சனிக்கிழமை "நீர்" என்பான். "நிரு" என்று அதட்டமாட்டான். "நிரூபா" என்று முழுப்பெயரும் சொல்வான். கறிக்கு உப்பில்லாவிட்டாலும் சாப்பிடுவான், கோப்பையைக் கழுவி வைப்பான். முதுகுக்குப் பூசுகிற சித்தாலேபைத் தைலமும் சிகரெட்டும் கலந்த வாசனை வராது. வேறு எந்த வாசனையும் வராது. வெறும் குளிர், ஃப்ரிஜ் கதவைத் திறந்ததுபோல. நிறையக் கேள்வி கேட்பான். பிள்ளை என்ன நேரத்தில் பிறந்தவ? எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கிறவ? பயம் வந்தால் ஆரைக் கூப்பிடுறவ? தகப்பனுக்குத் தெரியாதா என்று அவள் சிரித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லியிருந்தாள்.

மாலை ஆறு மணிக்கு அவன் வேலைக்கென்று போனான். ஞாயிறு காலை ஏழுக்கு வந்தான். சப்பாத்தில் பனி. நுனி கதவைப் பார்த்து.

ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு வெளிச்சம் மங்கத் தொடங்கியது. அவள் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, அலுவலகத்தில் நூறு தரம் அடித்த சிறைச்சாலை இலக்கத்தை அடித்தாள். வழக்கறிஞர் அலுவலகம் என்று சொல்லிப் பெயரையும் பிறந்த தேதியையும் கொடுத்தாள். எடுத்த பெண் அதிகாரிக்குச் சளி பிடித்திருந்தது. ஓம், உள்ளேதான் இருக்கிறார் என்றாள். வெள்ளி ஏழு நாற்பதுக்குக் கையெழுத்து வைத்தவர், பிறகு வெளியே போகவில்லை.

"நிச்சயமாகவா?" என்று நிரூபா ஆங்கிலத்தில் கேட்டாள்.

சாப்பாட்டு வரிசையில் நிற்கிறார், பார்த்துக்கொண்டுதான் கதைக்கிறேன் என்றாள் அந்தப் பெண்.

கதவுக்கு வெளியே ஹோலில் அவனும் சிவானியும் சிரிக்கிற சத்தம் கேட்டது.

அவள் குளியல் தொட்டியின் விளிம்பில் இருந்தாள். அப்போதுதான் மற்றது விளங்கியது. அது விளங்காமலே போயிருக்கலாம். மூன்று நாளும் உள்ளே இருக்கப்போகிறவன் "காலமை வந்திடுவன்" என்று ஏன் சொன்னான்? வார இறுதி முழுக்க வெளியூர் வேலை என்று ஒரு பொய் போதுமே. பதினைந்து வெள்ளிக்கிழமையும் அதே வார்த்தை. காலையில் ஒருவர் வருவார் என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறான். யார் வருவார் என்றும் தெரிந்துதான். அவளையும் பிள்ளையையும் அதனோடு விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

கதவில் மெதுவாக ஒரு தட்டு. "நிரூபா, தண்ணி வீணாப் போகுது."

அவசர இலக்கத்தில் விரலை வைத்தாள். என்ன சொல்வது? என் புருசன் வீட்டில் இருக்கிறார், வந்து காப்பாற்றுங்கள் என்றா? விரலை எடுத்தாள். ஆறு மணிக்குப் போய்விடும். இன்னும் ஒன்றரை மணித்தியாலம். அது போனதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நிரோஷினி வீட்டுக்கு ஓடிவிடலாம். 'அது' என்று நினைத்ததை அவள் கவனிக்கவில்லை.

ஆறு மணி ஆனது. அது எழும்பவில்லை. ஆறேகால். ஆறரை.

"வேலைக்குப் போகேல்லையோ?" குரல் தன்னுடையது போல இல்லை.

"இண்டையோட முடிஞ்சுது நிரூபா. இனிப் போகத் தேவையில்லை." மடியில் இருந்த சிவானியின் தலையைத் தடவியது. "நீர் களைச்சுப் போனீர். போய்ப் படும்."

அவள் சிவானியின் கையைப் பிடித்து இழுத்தாள். "வாங்கோ குஞ்சு, கடைக்குப் போட்டு வருவம்." ஜக்கெற்றை எடுக்க வாசலுக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

தட்டில் பெரிய சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் மஞ்சள் பூட்ஸ். ஒட்டினாற்போல். நுனி கதவைப் பார்த்து.

"கடை பூட்டியிருப்பான்," என்றது பின்னாலிருந்து. எப்போது எழும்பி வந்தது என்று தெரியவில்லை. அவளுக்கும் கதவுக்கும் நடுவில் நின்றது. சிரித்தது. ராகுலனின் சிரிப்பு.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போய்க் கதவைப் பூட்டினாள். கதவோடு முதுகைச் சாய்த்து இருந்தாள். சிவானி மடியில் தூங்கிப் போனாள். கதவின் மறுபக்கத்தில் ஏதோ சரிந்து, அவளைப் போலவே முதுகைச் சாய்த்து இருந்தது. பலகைக்கு ஊடாகக் குளிர் வந்தது. மூச்சுச் சத்தம் வரவில்லை. விடியும் வரை.

விடிகிற நேரம் எப்படியோ கண் அயர்ந்துவிட்டது. விழித்தபோது மடி காலி. கதவு திறந்திருந்தது.

வாசலில் திறப்புச் சத்தம்.

ஓடினாள். கதவைத் தள்ளிக்கொண்டு ராகுலன் வந்தான். சித்தாலேபை வாசனை, சிகரெட், பஸ்ஸின் ஈர வாசனை. சப்பாத்திலிருந்து பனி அப்போதே உருகிக் கம்பளத்தில் சொட்டியது. அவன் செய்ததெல்லாம் ஒரு கணம் மறந்துபோனது. அந்த நாற்றமே போதும் என்று இருந்தது. அவன் சேர்ட்டைப் பிடித்தாள்.

"சிவானி... சிவானியைக் காணேல்லை. உள்ளுக்கை..."

அவன் அவளைப் பார்க்கவில்லை. வாசல் தட்டைப் பார்த்தான். அது காலியாக இருந்தது. பிறகு அவளுடைய தோளுக்கு மேலாக ஹோலைப் பார்த்தான். அவன் முகத்தில் அதிர்ச்சி இல்லை. களைப்பு மட்டும்.

"இன்னும் போகேல்லையோ?" என்றான். அவளிடம் அல்ல.

"பிள்ளைக்கு ஜக்கெற் போட்டனான்," என்றது அவனுடைய குரல், ஹோலிலிருந்து. "இப்ப வெளிக்கிடுறம்."

அவள் திரும்பினாள். சிவானி கழுத்துவரை சிப் இழுத்த ஜக்கெற்றோடு அதன் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலில் மஞ்சள் பூட்ஸ். நிரூபா பாய்ந்து மகளின் மற்றக் கையைப் பற்றினாள்.

"நிரு." ராகுலனின் குரல் தணிந்திருந்தது. "கையை விடு."

"என்ன சொல்லுறீங்கள்? எங்கட பிள்ளை."

"உனக்குத் தெரியாமல் முடிஞ்சா நல்லமெண்டு நினைச்சன்." அவன் நிலத்தைப் பார்த்தபடி சொன்னான். "பதினைஞ்சு கிழமையும் எனக்குப் பதிலா வீட்டிலை நிக்கிறதுக்குப் பிள்ளையைத்தான் கேட்டது. அப்பவே ஓமெண்டு சொல்லிப்போட்டன்."

"அம்மா, லெற் கோ," என்றாள் சிவானி. முகத்தைச் சுளித்தாள். "உங்கட கை சுடுது."

பிடித்திருந்த சின்னக் கையில் சூடே இல்லை. நிரூபா குனிந்து பார்த்தாள். நேற்று முழுக்க வீட்டைவிட்டு வெளியே போகாத பூட்ஸ். நுனியில் வெள்ளையாகப் பனி. ஹீற்றர் அனல் துப்பிக்கொண்டிருந்தது. பனி உருகவில்லை.

அவர்கள் வாசலை நோக்கி நடந்தார்கள். அவளும் இழுபட்டுக்கொண்டு போனாள். அந்தக் கட்டிடத்தில் கதவுகள் தானாகச் சாத்திக்கொள்கிறவை. ராகுலன் சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டான். கதவு பிள்ளையின் மேல் சாத்துப்படாமல் இருக்க, தன் காலை நீட்டி அதைத் திறந்தபடி பிடித்துக்கொண்டான்.