உத்தமன் பின்தொடர்கிறான்

மெயின் சுவிட்சை ஆனந்தன் தன் கையால்தான் அணைத்திருந்தான். ஆயுத பூஜை முடிந்து, நான்கு கம்ப்யூட்டருக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, நாளைக் காலைவரை யாரும் கை வைக்கக் கூடாது என்று முதலாளி கஜபதி சொல்லிவிட்டுப் போயிருந்தார். மறந்து வைத்த பொரிப் பொட்டலத்தை எடுக்க மாலை நாலு மணிக்கு அவன் திரும்பி வந்தபோது, அம்பத்தூர் எஸ்டேட் ஒரு லேத் சத்தம்கூட இல்லாமல் ஓய்ந்து கிடக்க, சன்னல் சாத்திய அறையில் கற்பூரமும் வாழைப்பழமும் உடைத்த பூசணியும் கலந்த வாசனைக்கு அடியிலிருந்து ஒரு சேற்று நாற்றம் மெல்ல எழும்ப, அவன் உட்காரும் கடைசி கம்ப்யூட்டர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

சுவிட்சைப் பார்த்தான். அணைந்துதான் இருந்தது.

திரையில் அவர்களுடைய விளையாட்டு. படம் கிடையாது, வெறும் எழுத்துதான். வேலை முடிந்ததும் ஆனந்தன், உத்தமன், இன்னும் இரண்டு பேர் என்று நாலு மெஷினில் உட்கார்ந்து, ‘என்’ தட்டினால் வடக்கு, ‘எஸ்’ தெற்கு, ‘இ’ கிழக்கு, ‘யூ’ என்றால் மேலே என்று தங்கள் ஆட்களை நடத்துவார்கள். இடங்களை எழுதியவன் ஆனந்தன். குகை, அரண்மனை என்று யோசிக்கச் சோம்பல்பட்டு, தான் தினமும் வரும் வழியையே எழுதிவைத்துவிட்டான்: கோவில்பதாகையில் அவன் வீட்டுக் கூடம், வாசல், தெரு, ஆவடி ஸ்டேஷன், எஸ்டேட் ரோடு, கம்பெனிப் படிக்கட்டு, இந்த அறை. ஒரு நிமிடம் எதையும் தட்டாவிட்டால் ஆள் தானாக வீட்டு வாசலுக்குத் திரும்பிவிடும். இந்த அறையில் மட்டும்தான் சும்மா நிற்கலாம். அதுவும் அவன் வைத்த விதிதான்.

திரையில் ஒரு வரி வந்தது. ‘வீட்டு வாசல். ஆனந்தன் நிற்கிறான். உத்தமன் பின்தொடர்கிறான்.’

ஒருவன் ‘ஃபாலோ’ என்று தட்டிவிட்டால், முன்னால் போகிறவன் எங்கே போனாலும் அவனும் போவான். விடுவதென்றால் பின்னால் வருகிறவன்தான் விட வேண்டும். உத்தமன் எப்போதும் ஆனந்தனைத்தான் பின்தொடர்வான். நிஜத்திலும் அப்படித்தான். மூன்று மாதத்துக்கு முன் ஏரியில், “ஆழம் இல்லடா, என் பின்னாலயே வா” என்று ஆனந்தன் சொன்னதை நம்பி இறங்கினான். ஆனந்தன் கரையேறினான். உத்தமனை மறுநாள்தான் எடுத்தார்கள்.

போன் அடித்தது. மனைவி பார்வதம். பிரசவத்துக்குப் போய் போன மாதம்தான் தாய்வீட்டிலிருந்து திரும்பியிருந்தாள். அவள் ஊருக்குப் போன பிறகு வேலைக்குச் சேர்ந்த உத்தமனை அவள் பார்த்ததே இல்லை.

“இன்னாங்க, யாரோ வாசல்ல நின்னுகினு கீறாரு. கேட்டா பேச மாட்டேன்றாரு. தலைலேர்ந்து தண்ணி சொட்டுது. இங்க மழைகூட இல்லியே?”

ஆனந்தன் அந்த வரியை அழித்துவிட வேண்டும் என்று கையில் பட்டதைத் தட்டினான். விரல் விழுந்தது ‘என்’ மேல். வாசலுக்கு வடக்கே கூடம்.

“ஐயோ, உள்ள வந்துட்டாருங்க! பாப்பா கீழ கீது!”

‘எஸ்.’

“போயிட்டாரு...” அவளுக்கு மூச்சு வாங்கியது. “திரும்பக்கூட இல்லீங்க. பின்பக்கமாவே நடந்து போயிட்டாரு.”

“பாப்பாவத் தூக்கிக்கோ. கதவத் தாப்பா போடு. போன வெச்சிடாத.”

மறுபடி ‘எஸ்’. தெரு. மறுபடி. ஸ்டேஷன். விரலை எடுத்துக்கொண்டான். ஸ்டேஷனிலேயே அவனை விட்டுவிட்டால் போதும், எங்கேயாவது ரயிலேறிப் போகட்டும் என்று கும்பிட்டான். நிமிடம் முடிந்தது.

“வந்துட்டாரு,” என்று பார்வதம் அழுதாள். “கதவத் தள்றாரு. தாப்பா ஆடுது. யாருங்க அது? சொல்லுங்க!”

ஆனந்தன் திரையைக் கும்பிட்டு, “உத்தமா, உட்றா, தப்பு என்னுதுடா, அவங்கள உட்று,” என்று கெஞ்சினான். வரி மாறவில்லை. அவனை நிறுத்திவைக்க ஒரே ஓர் இடம்தான் இருந்தது.

‘எஸ்.’ தெரு.

‘எஸ்.’ ஸ்டேஷன்.

‘இ.’ எஸ்டேட் ரோடு. வெளியே நாய்கள் ஒன்றாகக் குரைத்தன. பிறகு ஒன்றாக நிறுத்தின.

‘இ.’ படிக்கட்டு.

கீழே, படியில் ஓர் ஈரக் கால் சப்பென்று பட்ட சத்தம்.

இன்னும் ஒரு கீ. ‘யூ.’ தட்டாமல் ஓடிவிடலாம். ஆனால் ஒரு நிமிடத்தில் உத்தமன் மறுபடி வீட்டு வாசலில் இருப்பான். அந்தத் தாழ்ப்பாள் இன்னொரு தடவை தாங்காது. போனில் குழந்தை விக்குவது கேட்டது. முப்பது நொடி போயிருக்கும். நாற்பது.

தட்டினான்.

சேற்று நாற்றம் அறையை நிறைத்தது. முதுகு சில்லிட்டது. திரை தானாக அணைந்தது.

“யாரும் இல்லீங்க இப்போ,” என்றாள் பார்வதம். “பாப்பாகூட சிரிக்குது. நீங்க எப்ப வருவீங்க?”

ரிசீவர் கையில் இருக்க, ஆனந்தன் எழுந்து கதவை நோக்கி ஓர் அடி வைத்தான்.

பின்னால், ஓர் ஈர அடி.

நின்றான். அதுவும் நின்றது.

“சொல்லுங்க, எப்ப வீட்டுக்கு வருவீங்க?”

அணைந்த திரைக் கண்ணாடியில், சந்தனப் பொட்டுக்குக் கீழே, ஆனந்தனின் முகம் தெரிந்தது. அதன் தோளை ஒட்டி, நெற்றியில் முடி ஒட்டிக் கிடந்த இன்னொரு முகம், அவன் அடுத்த அடிக்காகக் காத்திருந்தது.