சூடு இறங்கும் வரை

எஞ்சினை நிறுத்திவிட்டுப் போய்ச் சாப்பிட்டு வந்தும் சூடு இறங்கவில்லை. போதாததற்கு, சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. ஓடாத எஞ்சின் எப்படிச் சூடேறும் என்று மெக்கானிக்குக்குப் பிடிபடவில்லை.

அவரைவிட வயதில் மூத்த கார். வாட்டர் பம்பை மாற்றியாயிற்று, ஃபேன் பெல்ட்டை இறுக்கியாயிற்று, ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று. ஊற்றுகிற தண்ணீர் மட்டும் போன இடம் தெரியவில்லை. தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை, ஆவியுமில்லை. குடிகாரி என்று அதற்குப் பட்டப்பெயர் வைத்துச் சிரித்துக்கொண்டார்.

நேற்று அந்தச் சிரிப்பும் போய்விட்டது. எப்போதும்போல மகளை டிரைவர் சீட்டில் ஏற்றி ஆக்சிலேட்டரை மிதிக்கச் சொல்லிவிட்டு, எஞ்சினில் காதைக் கொடுத்துக் கேட்டார். இறங்கியதிலிருந்து குட்டி யாரிடமும் பேசவில்லை. பட்டறைக்கு மேலேயே வீடு; மாடியில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். டாக்டர் வந்து பார்த்தும் பயனில்லை. எத்தனை போர்த்தினாலும் உடம்பு ஜில்லென்றே இருப்பதாகவும், ஒரு வாய் தண்ணீர்கூடத் தொடவில்லை என்றும் மனைவி புலம்பினாள். கை நிறையக் கிரீஸோடு மகளின் நெற்றியைத் தொடக் கூசி, வாசலிலேயே நின்றுவிட்டுத்தான் அவர் கீழே வந்திருந்தார்.

ஷட்டருக்கு வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கருகிய எண்ணெய், சூடேறிய ரப்பர், இவற்றுக்கு நடுவே மகளின் தலையில் வீசும் ஷாம்பு வாசம் எங்கிருந்தோ வந்தது. மெக்கானிக் நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்து, நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டார். உள்ளே எந்தக் கோளாறு இருந்தாலும் அந்த வழியாகக் கேட்டுவிடும்.

மூச்சு கேட்டது. சின்ன மூச்சு.

"அப்பா... சுடுதுப்பா."

ஸ்க்ரூடிரைவர் கை நழுவியது. படிக்கட்டுக்கு ஓடினார்.

"குட்டி எங்க?"

"இங்கதாங்க படுத்திருக்கா," என்றாள் மனைவி மேலிருந்து. "கண்ணையே மூட மாட்டேங்கறா."

திரும்பி வந்தார். எஞ்சினருகே காதை வைத்தார்.

"தண்ணி குடுப்பா."

வாளி நிறையக் குழாய்த் தண்ணீர் இருந்தது. கொதிக்கிற எஞ்சினில் பச்சைத் தண்ணீரை விட்டால் அதன் இரும்பு பிளாக்கே வெடித்துவிடும். இதற்காகவே எத்தனை பேரைத் திட்டியிருப்பார். ஆறவிட வேண்டும். பொறுக்க வேண்டும்.

"அப்பா."

முள் சிவப்பைத் தாண்டியது.

"அப்பா."

பெற்ற மனசு கேட்கவில்லை. ரேடியேட்டர் மூடியைத் திருகினார். உள்ளங்கை வெந்தது. ஊற்றினார்.

மடக். மடக். மடக்.

படீரென்று பிளாக் பிளந்தது.

தண்ணீர் தரையில் ஓடியது. ஸ்க்ரூடிரைவரைத் தேடி எடுத்தார். இங்கே வைத்தார். அங்கே வைத்தார். ஒன்றுமில்லை. முள் மெல்ல இறங்கி, அடியில் போய் நின்றது.

"ஏங்க," மனைவி மேலிருந்து கூப்பிட்டாள். சந்தோஷத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "குட்டிக்கு உடம்பு சூடு வந்துடுச்சுங்க. எந்திரிச்சிட்டா."

படிகளில் சின்னக் காலடிகள் இறங்கின. குட்டி நேராக வந்து அவர் பக்கத்தில் நின்றாள். முகத்தை நிமிர்த்தினாள். அவள் தலையில் கருகிய எண்ணெய் வாடை அடித்தது.

"வண்டி சரியாயிடுச்சாப்பா?" என்று கேட்டு, வெதுவெதுப்பான கையை அவர் கைக்குள் வைத்தாள்.