கணப்புக்கு மேலிருந்த அறை

மூடுபனி இன்னும் முழுவதுமாக விலகாத ஒரு குளிர்காலக் காலைப் பொழுதில், மேஸ்திரியும் அவருடைய மனைவியின் தம்பியும் தங்கள் வண்டியை அந்தப் பழைய வீட்டின் முன்னே நிறுத்தினார்கள். வீடு உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தது. அதன் கூரையிலிருந்து ஒரு செங்கல் புகைபோக்கி, தலை நிமிர்த்தி யாரையோ எதிர்பார்ப்பதைப் போல நின்றுகொண்டிருந்தது.

"மாமா, இந்த வீட்டுக்கு வயசு எவ்வளவு இருக்கும்?" என்று மைத்துனன் கேட்டான்.

"உங்க அக்காவோட கோபத்துக்கு எவ்வளவு வயசோ அவ்வளவு. பேசாம சாமானை இறக்கு."

"இதை அப்படியே அக்காகிட்ட சொல்றேன்."

"தாராளமா சொல்லு மாப்ள. ராத்திரி சாப்பாடு எனக்கு மட்டுமா இல்லாம போகும்?"

கதவைத் திறந்தவர் அவ்வீட்டை அண்மையில் வாங்கியிருந்த டீச்சர். தோளில் இரண்டு சால்வைகளைப் போர்த்தியிருந்தார். பேசும்போது அவருடைய வாயிலிருந்து வெண்ணிற ஆவி எழுந்தது.

"வாங்க, வாங்க. செருப்பைக் கழட்ட வேண்டாம். இந்தத் தரையில வெறுங்காலோட நின்னா கால் நம்மளது இல்லைன்னு ஆயிடும்."

கூடத்தின் நடுச்சுவரில் கல்லால் கட்டப்பட்ட பழைய கணப்பு, பல்லில்லாத வாயைப் போலக் கருமையாகத் திறந்திருந்தது. முற்காலத்தில் அதில் விறகும் கரியும் எரிந்திருக்கவேண்டும். இனி அதனுள் எரிவாயுவால் எரியும் புதிய கணப்பைப் பொருத்துவதே அன்றைய வேலை.

"என் தம்பி நெஞ்சுச் சளியில ரொம்ப நாளா ஆஸ்பத்திரியில கிடக்கறான்," என்றார் டீச்சர். "இன்னிக்கு மதியம் கூட்டிட்டு வர்றேன். குளிர் மட்டும் ஆகவே ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இதுக்கு நேர் மேல இருக்கற ரூமைத்தான் அவனுக்கு ஒழிச்சு வெச்சிருக்கேன். புகைபோக்கி அந்த ரூம் சுவர் வழியாத்தானே போகுது? கீழ எரிஞ்சா மேல கதகதப்பா இருக்கும்ல?"

"இருக்கும் டீச்சர்," என்றார் மேஸ்திரி.

"மதியத்துக்குள்ள முடிஞ்சிடுமா? எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான்."

"முடிச்சிடலாம்."

அந்த ஒரு சொல்லை எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டோம் என்பதைப் பிற்பாடு மேஸ்திரி பலமுறை நினைத்துப் பார்க்கவேண்டியிருந்தது.

டீச்சர் மருத்துவமனைக்குப் புறப்பட்டுச் சென்றார். இருவரும் வேலையில் இறங்கினார்கள். மேஸ்திரி கணப்பின் உட்புறத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தபோது, பழங்கரி பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. அதிலிருந்து ஈரமும் புளிப்பும் கலந்த ஒரு வாடை கிளம்பியது. தலையை உள்ளே நுழைத்து மேலே நோக்கினார். வானத்தின் வெளிச்சம் தெரியவேண்டிய இடத்தில் இருட்டே தெரிந்தது. ஆயினும் சற்று நேரத்தில் அவ்விருட்டு ஒதுங்கியது. ஒரு சிறு வெளிச்சச் சதுரம் புலப்பட்டது. ஏதேனும் பறவையாக இருக்கலாம் என்று அவர் தமக்குத் தாமே கூறிக்கொண்டார்.

பழைய புகைபோக்கிகளைச் சோதிப்பதற்கு அவர்களிடம் ஒரு முறை இருந்தது. கணப்பினுள் புகை வில்லை ஒன்றைக் கொளுத்திவிட்டு ஒருவர் கீழே நிற்பார். மற்றவர் மேல் அறைகளுக்குச் சென்று, எச்சுவரிலிருந்தாவது புகை கசிகிறதா என்று பார்ப்பார். கசியவில்லையெனில் "சுத்தம்!" என்று உரக்கக் குரல் கொடுப்பார். கசிந்தால், புகைபோக்கியின் முழு நீளத்துக்கும் உலோகக் குழாய் இறக்கவேண்டும். அது இன்னொரு முழுநாள் வேலை.

மாடியில் காலடி கேட்டதும் மேஸ்திரி வில்லையைக் கொளுத்தினார். அடர்ந்த வெண்புகை திரண்டு, தயங்கித் தயங்கி மேலேறியது.

"மாப்ள, எப்படி இருக்கு?" என்று அவர் மாடிப்படியை நோக்கிக் கத்தினார்.

மேலே பலகைத் தரையில் காலடிகள் நடந்தன. சுவரோரமாகச் சென்று நின்றன.

"சுத்தம்!" என்றது மைத்துனனின் குரல்.

மேஸ்திரி மனநிறைவோடு எரிவாயுக் குழாயை இணைத்தார். முகப்புத் தகட்டை வைத்து, அதன் ஓரங்களைப் பூசி முடித்தார். கடைசித் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தபோது வாசற்கதவு திறந்தது. மைத்துனன் குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு உள்ளே நுழைந்தான்.

"மாமா, சிலிண்டர் கூண்டை வெளிச்சுவர்ல அடிச்சு முடிச்சிட்டேன். ஆணி இறங்கவே மாட்டேங்குது. ஆமா, புகை டெஸ்ட் எப்போ பண்ணலாம்?"

மேஸ்திரியின் கை திருகாணியிலேயே நின்றுவிட்டது.

"இப்போ மேல இருந்து உன் குரல்ல கத்தினது யாரு?"

"நான் மேல போகவே இல்லையே."

"விளையாடாதே."

"அக்கா மேல சத்தியமா மாமா. இவ்வளவு நேரமும் வெளியதான் இருந்தேன்."

இருவரும் ஒருசேர மாடிப்படியைப் பார்த்தார்கள். மேலே ஒரு சத்தமும் இல்லை.

செய்யவேண்டியது இன்னதென்று மேஸ்திரிக்கு நன்றாகத் தெரியும். தகட்டைக் கழற்றி, இன்னொரு வில்லையைக் கொளுத்தி, தாமே மேலே சென்று பார்த்திருக்கவேண்டும். அவர் எழுந்திருக்கக்கூடச் செய்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. டீச்சர் தம் தம்பியைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். எலும்பும் தோலுமாக இருந்த அந்த இளைஞனின் பற்கள் குளிரில் தந்தியடித்துக்கொண்டிருந்தன.

"ரெடியா மேஸ்திரி?" டீச்சரின் குரலில் கெஞ்சல் இருந்தது.

மைத்துனன் அவரைப் பார்த்தான். அவர் மைத்துனனைப் பார்க்கவில்லை.

"ரெடி டீச்சர்."

அவர் குமிழைத் திருகினார். நீலச் சுடர் பொன்னிறமாகி எழுந்தது. நோயாளி தன் மெலிந்த கைகளை அதன் முன் நீட்டிச் சிரித்தான். "உங்க புண்ணியத்துல பிழைச்சேன் அண்ணே," என்றான்.

அச்சொல் மேஸ்திரியின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

*

திரும்பும் வழியில் இருவரும் ஒரு டீக்கடையில் ஒதுங்கினார்கள். மேஸ்திரியின் கையிலிருந்த டீ ஆறி ஆடை கட்டியது.

"பக்கத்து வீட்டுச் சத்தமா இருக்கும்," என்றார் அவர்.

"என் குரல்னு நீங்கதானே மாமா சொன்னீங்க?"

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். புகை கண்ணைக் கரிக்கும், மூக்கைத் துளைக்கும், ஆளை எழுப்பிவிடும். எரிவாயு எரிந்து, புகைபோக்கியில் ஏறாமல் திரும்பும் நச்சுக்காற்றோ நிறமும் வாசனையும் இல்லாதது. தூங்குபவனை அது தூக்கத்திலிருந்து எழுப்புவதே இல்லை. இதை எத்தனை வீடுகளில், எத்தனை பேருக்கு அவர் விரல் நீட்டி எச்சரித்திருக்கிறார்!

டீச்சரின் கைப்பேசிக்கு அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மீண்டும் அழைத்தார். மறுமுனையில் எவரும் எடுக்கவில்லை.

"வண்டியைத் திருப்பு," என்றார் மேஸ்திரி.

பனி மீண்டும் இறங்கத் தொடங்கியிருந்தது. வாசற்கதவு தாழிடப்படாமல் இருந்தது. கூடத்தில் கணப்பு நிதானமாக எரிந்துகொண்டிருக்க, டீச்சர் நாற்காலியில் சாய்ந்து, நெற்றியை அழுத்திப் பிடித்திருந்தார்.

"தலை ஒரேயடியா வலிக்குது... நீங்க ஏன் திரும்ப..."

"தம்பி எங்க?"

"மேல தூங்கறான்."

மைத்துனன் பாய்ந்து குமிழை மூடினான், சன்னல்களைத் திறந்தான். மேஸ்திரி படிகளில் தாவி ஏறினார்.

அறைக்கதவைத் தள்ளினார்.

அது திறக்கவில்லை.

பூட்டும் இல்லை, தாழும் இல்லை. கதவின் அடியில் எதுவோ அடைத்துக்கொண்டிருந்தது. தோளால் ஓங்கி மோதினார். அரையடி திறந்த இடைவெளியில் ஒரு கம்பளி சுருண்டு கிடந்தது. உட்புறமிருந்து யாரோ கதவிடுக்கில் அதை அழுந்தச் செருகியிருந்தார்கள்.

கட்டிலில் அந்த இளைஞன் மல்லாந்து கிடந்தான். வெளிறியிருந்த அவன் கன்னங்கள் இப்போது அழகாகச் சிவந்திருந்தன. அது நச்சுக்காற்று ஏற்றிய சிவப்பு என்பதை மேஸ்திரி அறிவார். சன்னல் விளிம்பிலும் துணி செருகப்பட்டிருந்தது. அதைப் பிடுங்கி எறிந்து சன்னலைத் திறந்தார். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

வாசலில், பனியின் நடுவே, அவனைக் கிடத்தினார்கள்.

மூச்சில்லை.

"டேய்... கண்ணு... அக்காடா..." டீச்சர் அவன் முகத்தைக் கைகளில் ஏந்திக்கொண்டார்.

மேஸ்திரி அவன் வாயில் தம் மூச்சை ஊதினார். எண்ணமே இல்லாமல் ஊதிக்கொண்டிருந்தார். இவன் எழுந்தால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று மட்டும் உள்ளுக்குள் யாரிடமோ மன்றாடினார்.

இளைஞன் இருமினான். உடல் முழுவதும் குலுங்க இருமி, வாந்தியெடுத்து, கண்களைத் திறந்தான்.

"எதுக்குடா கதவையும் சன்னலையும் அடைச்ச?" என்று டீச்சர் அழுகையினூடே கேட்டார்.

"நான் அடைக்கல அக்கா." அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலிருந்தது. "அவர்தான். காத்து வருது தம்பி, குளிரும்னு சொல்லிட்டு, அவரே அடைச்சாரு. கையெல்லாம் ஒரே கரி."

"எவர்?"

அவன் மேஸ்திரியைக் காட்டினான்.

"இவரோட வந்த ஆள்தானே? முகம் சரியாத் தெரியல."

மைத்துனன் தன் கைகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான். அவை சுத்தமாக இருந்தன.

டீச்சர் அதைக் காதில் வாங்கவில்லை. மேஸ்திரியின் கால்களைத் தொடக் குனிந்தார். "நீங்க மட்டும் திரும்பி வரலைன்னா..."

மேஸ்திரி பின்வாங்கினார். இந்த நன்றியை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விடலாம். கேட்பார் இல்லை. மைத்துனனும் காட்டிக்கொடுக்க மாட்டான்.

"கும்பிடாதீங்க டீச்சர். நான் மேல வந்து பார்க்கவே இல்லை. பார்க்கலைன்னு தெரிஞ்சுதான் ரெடின்னு சொன்னேன்."

டீச்சர் மெல்ல நிமிர்ந்தார். அவர் முகத்திலிருந்த நன்றி, துடைத்தெடுத்ததைப் போல மறைந்தது.

"இவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறேன்," என்றார். "நான் திரும்பி வர்றதுக்குள்ள உங்க கணப்பைக் கழட்டுங்க. அந்தப் புகைபோக்கியை மேலயும் கீழயும் அடைச்சுக் கட்டுங்க. அதுக்கப்புறம் என் கண்ணுலயே படாதீங்க."

*

கீழே கணப்பைக் கழற்றி அதன் வாயை அடைத்தபின், கசிவைத் தேடி மேல் அறைச் சுவரின் பூப்போட்ட காகிதத்தை மேஸ்திரி உரித்தார். அதன் பின்னே செங்கல் இருக்கவில்லை. மெல்லிய பலகை ஒன்று இருந்தது. பலகையைப் பெயர்த்ததும் இன்னொரு கணப்பு தென்பட்டது. கீழ்க்கணப்பின் புகைபோக்கியோடு அது நேரடியாக இணைந்திருந்தது. பலகையின் விளிம்புகள் நெடுகிலும் வெடித்திருந்தன. ஒருமுறை படியேறி வந்து ஒரு விரலால் தட்டியிருந்தாலே போதும். உள்ளே வெற்றிடம் என்று தெரிந்திருக்கும்.

"மாமா, சீக்கிரம் கட்டிட்டுப் போயிடலாம்," என்று மைத்துனன் கிசுகிசுத்தான்.

மேஸ்திரி உள்ளே விளக்கடித்துப் பார்த்தார். சாம்பலையும் ஒரு பறவைக் கூட்டையும் தவிர வேறொன்றும் இல்லை. இரட்டைச் சுவராகச் செங்கல் வைத்துக் கட்டினார். அவர் தம் வாழ்நாளில் அவ்வளவு பொறுப்பாக ஒரு சுவரைக் கட்டியதில்லை. ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்தார். கலவையை விரல் விட்டு நிரப்பினார். மேலே பூசி, மட்டம் பார்த்து, கண்ணாடியைப் போல இழைத்து முடித்தபோது, சன்னலில் மாலை வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. மைத்துனன் சாமான்களைச் சுமந்துகொண்டு கீழே இறங்கினான். கார் வந்து நிற்கும் ஓசை கேட்டது.

மேஸ்திரி பூச்சுக் கரண்டியைக் கழுவிவிட்டுத் திரும்பினார்.

ஈரப் பூச்சின் நடுவே ஐந்து சிறு புடைப்புகள் இருந்தன.

வெளியிலிருந்து எவரும் தொட்டிருந்தால் பூச்சு குழிந்திருக்கவேண்டும். இவையோ வெளிப்புறமாகத் தள்ளியிருந்தன. நான்கு விரல்கள், சற்றே விலகி ஒரு கட்டைவிரல். இரட்டைச் செங்கலுக்கு அப்பாலிருந்து, விரித்து அழுத்திய ஒரு கை.

"மேஸ்திரி!" கீழிருந்து டீச்சர் அழைத்தார். குரலில் கோபம் தணிந்து களைப்பு மிஞ்சியிருந்தது. "தம்பிக்குப் பயமில்லைன்னு சொல்லிட்டாங்க. காலையில வந்துடுவான். முடிஞ்சுதா? இனிமே அவன் அங்க படுக்கலாமா?"

கையிலிருந்த கரண்டியை அவர் பார்த்தார். ஒரே இழுப்பில் மழுப்பிவிடலாம்.

கரண்டியைத் தரையில் வைத்தார்.

"வேண்டாம் டீச்சர்," என்றார். "இந்த ரூம்ல யாருமே படுக்க வேண்டாம். என்னால முடிக்க முடியல. நீங்களே மேல வந்து பாருங்க."

டீச்சரின் காலடிகள் படியேறத் தொடங்கின.

மேஸ்திரி சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தக் கை இன்னும் அழுத்திக்கொண்டிருக்க, அதன் அருகில், ஈரப் பூச்சு மீண்டும் மெல்ல மெல்ல உப்பியது. ஒரு விரல். இன்னொரு விரல். பிறகு முழுக் கை.

இரண்டு கைகளிலும் கட்டைவிரல் ஒரே பக்கத்தில் இருந்தது.

இரண்டும் வலக்கை.