நாற்பது ரூபாய் பேட்டரி

முனிவேலின் நல்ல பேருக்கு அன்று ராயக்கோட்டையில் விழுந்த விலை நாற்பது ரூபாய். கார் ரிமோட்டுக்குள் போடும் பொத்தான் பேட்டரியின் விலை அது. ஓசூர் பஸ் ஸ்டாண்டு எதிரே அறுபது சொன்ன கடைக்காரனிடம் அவனே பேசிக் குறைத்தது. பன்னிரண்டு வருஷம் வண்டி ஓட்டிச் சேர்த்த பேர், அந்தச் சில்லறையோடு சில்லறையாகப் போய்க்கொண்டிருந்தது.

விஜயதசமி. பிற்பகல் இரண்டரை மணி. தக்காளி மண்டி எதிரே நின்ற வெள்ளைக் காரின் பின் சீட்டில் வைத்த துணிப்பையைக் காணோம். பைக்குள் ஒரு காசுமாலை. ஓசூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் சௌந்தரராஜன், ஆயுத பூஜைக்கு அம்மன் படத்துக்குச் சாத்துவதற்காகத் தங்கையிடம் இரவல் வாங்கிய மாலை. அதைத் திருப்பிக் கொடுக்க டிரைவர் முனிவேலோடு வந்தவருக்குத் தக்காளி விலை கேட்காமல் மண்டியைத் தாண்டிப் போக மனசு வரவில்லை. கேட்டுவிட்டு வந்தார். கார்க் கண்ணாடி உடையவில்லை, பூட்டில் கீறல் இல்லை. பை மட்டும் இல்லை.

விசாரிக்க வந்தவர் எஸ்.ஐ. பொற்கொடி. தர்மபுரி வெங்காய மண்டிக்காரர் மகள். தராசைப் பார்க்காமல், தராசு பிடித்த கையைப் பார்க்கிற குடும்பம்.

"பூட்டுனீங்களா சார்?"

"போன் பேசிட்டே போனேன் மேடம். ஆனா பட்டன அழுத்துனது நல்லா ஞாபகம் இருக்கு."

"ரிமோட்டு எத்தன?"

"ஒண்ணு என் பாக்கெட்ல, ஒண்ணு வீட்டு பீரோல. முந்தாநாள் பேட்டரி வாங்க இவன்கிட்டக் குடுத்தனுப்புனேன். ஒரு மணி நேரம் இவன் கையில இருந்துச்சு. டூப்ளிகேட் போட்டுட்டான், திருட்டுப் பய!"

சாயங்காலத்துக்குள் ஓசூர் டிரைவர்களின் வாட்ஸப் குரூப்புக்கு இது வந்துவிடும். அப்புறம் தள்ளுவண்டியைக்கூட எவனும் முனிவேலை நம்பித் தரமாட்டான்.

"நீ எங்கய்யா போன?"

"தண்ணி பாட்டில் வாங்க, மேடம்."

"தனியாவா?"

"ஆமாங்க."

"பேட்டரிய மாட்டுனது நீயா?"

"இல்லைங்க. புதுசாச்சே, பூஜைக்கு வெச்சுட்டுப் போடுவோம்னாரு முதலாளி. லேத்து, ஸ்பேனர், ட்ரில்லு பிட்டு எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம் வெச்சு, அதயும் கூடவே வெச்சாரு. இன்னிக்குக் காலைல அவரே எடுத்து மாட்டுனாரு. வர்ற வழியில ரெண்டு தடவ, சாவி இல்லைன்னு வண்டி காட்டுச்சுங்க."

"திருட்டு வேல பண்ணி வெச்சா காட்டாதா?" என்று பாய்ந்தார் முதலாளி.

பொற்கொடி காரைச் சுற்றி வந்தார். இடது சைடு மிரரின் வெளி ஓரத்தில் புதுக் கீறல். அதில் நகத்தளவு நீல பெயின்ட்.

"இது எப்ப ஆச்சு?"

"தெரியலீங்க. இங்க நிறுத்துனப்பதான் தொடச்சேன். அப்ப இல்ல."

காரின் இடப்பக்கம் ஒரு நீல டெம்போ, பாதி லோடோடு நின்றது. அதன் டிரைவர் கிருஷ்ணப்பன், பீடியைக் கீழே போட்டுவிட்டு வந்தான்.

"நீங்க வர்றப்ப இந்தக் காரு இங்க இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. நான் கிட்டக்கூடப் போகல."

"எப்படி நின்னுச்சு?"

"ஜம்முனு பூட்டித்தான் நின்னுச்சு. ரெண்டு சைடு மிரரும் மடங்கி, மாடு படுத்தாப்ல. சாவி வெச்சிருக்கறவன விட்டா வேற யாரு தொறப்பா?" சொல்லிவிட்டு முனிவேலை ஒரு பார்வை பார்த்தான்.

"அதுவும் சரிதான்," என்றார் பொற்கொடி. "சார், இப்ப ஒரு தரம் பூட்டுங்க."

சௌந்தரராஜன் அழுத்தினார். கார் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். ஊஹூம். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் முறை அழுத்திய பிறகுதான் சைடு மிரர் இரண்டும் மடங்கின.

பொற்கொடி ஒரு ரூபாய்க் காசால் ரிமோட்டை நெம்பித் திறந்தார். பேட்டரியின் முகத்தில், காய்ந்த சந்தனமும் நடுவில் குங்குமமுமாக லட்சணமான பொட்டு.

"பொட்டோடயா உள்ள போட்டீங்க?"

"சாமிக்கு வெச்சத எப்படி மேடம் அழிக்கறது?"

"சந்தனம் காஞ்சு ஓடாயிடுச்சு. கரண்டு ஒரு நேரம் தொடுது, ஒரு நேரம் தொடல. நீங்க அழுத்துனீங்க, கார் பூட்டல. அப்புறம் எதுக்கய்யா டூப்ளிகேட் சாவி? கைப்பிடிய இழுத்தாலே போதும்."

முனிவேலுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அப்ப இழுத்தது யாரு?" முதலாளியின் குரல் பாதியாகக் குறைந்திருந்தது.

பொற்கொடி டெம்போ பக்கம் திரும்பினார். "கிருஷ்ணப்பன், மிரர் மடங்கியிருந்தா உன் டெம்போ பெயின்ட் அதோட வெளி ஓரத்துல எப்படி ஒட்டும்? நீட்டிக்கிட்டு இருந்ததாலதான் ஒரசுச்சு. எறங்கிப் பாத்த. மடங்கலன்னா பூட்டலன்னு உனக்குத் தெரியும். இப்ப நீயேதான் சொன்ன. கதவ இழுத்த, வந்துச்சு. கிட்டப் போகலன்னு மட்டும் சொல்லியிருந்தா நான் கொஞ்ச நேரம் அலைஞ்சிருப்பேன். டிரைவர் தலையில கட்டணும்னு கூட ஒரு பொய்யச் சேத்து வித்த பாரு, அங்கதான் உனக்கு நட்டம்."

கிருஷ்ணப்பனின் கண் தன் லோடு பக்கம் போனது. தக்காளிக் கிரேட்டுகளுக்கு அடியில் இருந்து, கூட வந்த கான்ஸ்டபிள் பையை எடுத்தார். மாலை அப்படியே இருந்தது.

முனிவேல் கும்பிடப் போனான். "கும்பிட நான் என்ன சாமியா? மொதல்ல அந்தப் பேட்டரியத் தொடச்சுப் போடு" என்றார் பொற்கொடி. சட்டை நுனியால் துடைத்தான். மாட்டி அழுத்தினான். ஒரே அழுத்தில் கார் பூட்டியது. அவன் கண்தான் கலங்கியது.

சௌந்தரராஜன் மன்னிப்பு என்று எதுவும் சொல்லவில்லை. அந்தச் சரக்கு அவர் கடையில் என்றுமே இருந்ததில்லை. ரிமோட்டைத் திருப்பிக் கேட்கவும் இல்லை. "இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும்டா," என்றார். தங்கை வீட்டில், முதல் தட்டுச் சாப்பாட்டை அவனுக்குப் போடச் சொன்னார்.

திரும்பும் வழியில் முனிவேல் மனசுக்குள் கணக்குப் போட்டான். பேட்டரி நாற்பது ரூபாய்: உழைக்கிறது, நட்டமில்லை. 'திருட்டுப் பய': ரிமோட்டும் சாப்பாடும் வந்ததில் கழிந்தது. தராசு பிடித்த கையைப் பார்த்த அந்த அம்மாவுக்குத் தர வேண்டியது: பாக்கி. அதை மட்டும் அடைத்து முடிக்க அவனுக்கு ஆசையே இல்லை.