மூணு கால் நிலா!

"ஐயோ..!"

டிரம்மர் போட்ட அலறலில் ஸ்டூடியோவே அதிர்ந்தது.

காலை பத்தரை மணி. ஒலிப்பதிவு அறையின் கம்பளத்தில் குப்புறக் கிடந்தார் பாடகர். பின்மண்டையில் ரத்தம். கைக்குள் கசங்கிய ஒரு காகிதம்!

ஆம்புலன்ஸில் கூடவே ஏட்டையும் ஏற்றி அனுப்பிவிட்டு, காகிதத்தைப் பிரித்தாள் இன்ஸ்பெக்டர்.

'ஊதா யானை முட்டை போடுது...
மூணு கால் நிலா மூக்கைச் சிந்துது...
என் பல்லுக்குள்ள பஸ் ஓடுது..!'

அவளுக்குத் தலை கிறுகிறுத்தது.

"என்னய்யா இது?"

"எங்க புதுப் பாட்டு மேடம்..."

"அர்த்தம்?"

"வாசிக்கிற எங்களுக்கே தெரியாது. கேட்டா சிரிப்பாரு. நேத்துகூட இதுக்குத்தான் அவரோட சண்டை..." டிரம்மர் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ஓஹோ... சண்டை வேறயா?"

"மேடம், நான் அடிக்கிறது டிரம்ஸை மட்டும்தான்! அர்த்தம் வேணும்னா பேராசிரியரைக் கேளுங்க. எங்க பாட்டுக்கெல்லாம் நானூறு பக்கத்துல உரை எழுதியிருக்காரு. நாளைக்கு வெளியீடு."

அரை மணியில் கல்லூரி...

பேராசிரியரின் அறை முழுக்க, கழுத்தளவுக்குப் புத்தகக் கட்டுகள்.

"பாடகர் மயங்கி விழுந்துட்டாரு சார். ஆஸ்பத்திரியில இருக்காரு. கையில இது இருந்துச்சு. என்ன சொல்ல வர்றாரு?"

பேராசிரியரின் கண்ணாடி பளபளத்தது.

"ஊதா யானை... அகங்காரம்! முட்டை... பிறவிச் சுழற்சி! பல்லுக்குள்ள பஸ்... கூடவே இருக்கிறவனோட துரோகம்!"

"மூணு கால் நிலா?"

"விஷயமே அதுதான் மேடம்! வட்டமா, பித்தளையில, மூணு கால் ஸ்டாண்டுல நிக்கிறது எது? டிரம்மரோட சிம்பல் தட்டு! அந்த ஸ்டாண்டாலதான் பின்மண்டையில போட்டிருக்கான் பாவி!"

இன்ஸ்பெக்டர் மெல்லச் சிரித்தாள்.

"மயங்கி விழுந்தாருன்னுதானே சொன்னேன்... அடின்னு உங்ககிட்ட சொன்னது யாரு சார்?"

பேராசிரியரின் முகம் வெளுத்தது.

செல்போன் அலறியது. மறுமுனையில் ஏட்டு.

"மேடம்! பாடகர் கண் முழிச்சிட்டாரு. அடிச்சது அந்தப் பேராசிரியராம்! மத்தியானம் ரேடியோ பேட்டியில ஒரு உண்மையைப் போட்டு உடைக்கப் போறேன்னிருக்காரு. உடனே அந்தாளு ஸ்டாண்டைத் தூக்கிட்டாராம்!"

"என்ன உண்மை?"

"பாட்டு எதுவும் பாடகர் எழுதினது இல்லையாம் மேடம். அவரோட ஆறு வயசுப் பொண்ணு தூக்கத்துல உளர்றதாம்! பக்கத்துல உக்காந்து அப்படியே எழுதிக்குவாராம்!"

பேராசிரியர் ஒரு கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தார்.

"ரெண்டு வருஷ உழைப்பு மேடம்... ஒரே ஒரு வாரம் வாயை மூடிக்கிட்டு இருங்கன்னு கெஞ்சினேன். கேக்கலை..."

ஜீப்பில் ஏறும்போது தயங்கி நின்றார்.

"மேடம்... அந்தக் குழந்தைகிட்ட ஒரே ஒரு சந்தேகம் கேட்டுக்கலாமா?"

"இப்ப தொந்தரவு பண்ணக் கூடாது சார்... அடுத்த ஆல்பத்துக்குத் தூங்கிக்கிட்டிருக்கும்!"