தலையசைத்த வாடிக்கையாளர்

திங்கட்கிழமை காலை, சேமிப்பை எடுக்க வங்கிக்குச் சென்ற மேஸ்திரி வெறுங்கையோடு வீடு திரும்பினார். தறி ஆலையில் ஆயுள் முழுவதும் உழைத்துச் சேர்த்த பணம் அது. மனைவியின் கண் அறுவைச் சிகிச்சைக்கென்று ஒதுக்கியது. ஏதோ ஒரு சுரங்க நிறுவனத்தின் பங்குகளாக மாறி, அந்நிறுவனத்தோடு சேர்ந்து மண்ணோடு மண்ணாகியிருந்தது.

புதன்கிழமை, நிதி ஆலோசகர்கள் மீதான புகார்களை விசாரிக்கும் பெண் அதிகாரி, மேஸ்திரி கொடுத்த புகாரின் பேரில் அவ்வீட்டிற்கு வந்தார்.

“முதலுக்கே மோசம் வரலாம்னு ஆலோசகர் சொன்னாரா ஐயா?”

மேஸ்திரி அதிகாரியின் முகத்தையே உற்று நோக்கினார். “சத்தியமா சொல்லலை. சொல்லியிருந்தா கையெழுத்துப் போட எனக்கென்ன கிறுக்கா?”

அறையின் மறுகோடியில் இருந்த மனைவி ஓசையின்றி உதடுகளை அசைத்தார். மேஸ்திரி உடனே எழுந்து, விருந்தாளிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். ‘வாய்க்குள்ளேயே திட்டினாலும் மனுஷன் பயப்படுகிறாரே’ என்று அதிகாரி மனத்துக்குள் சிரித்துக்கொண்டார்.

பிறகு சன்னலருகே சென்று, தெருவைப் பார்த்தபடியே கேட்டார்: “ஒருவேளை அவர் சொல்லி, நீங்கதான் மறந்துட்டீங்களோ?”

சன்னல் கண்ணாடியில் மேஸ்திரியின் உருவம் தெரிந்தது. அது ஆமென்று தலையசைத்தது.

பெரியவர் பொய் சொல்கிறார் என்றே அதிகாரி எண்ணினார்.

மாலை நான்கு மணி. ஆலோசகரின் குளிரூட்டிய அறை.

“நான் எச்சரிக்கலைன்னு சொல்றது அபாண்டம் மேடம். நீங்களே பாருங்க.”

வாடிக்கையாளர் சந்திப்புகளைப் படம்பிடித்து வைப்பது அவர் வழக்கம். திரையில் ஆலோசகர், கணினியில் கண் பதித்துத் தட்டச்சு செய்தவாறே கேள்விகளை அடுக்கினார். பக்கத்தில் மேஸ்திரி.

“முதல் மொத்தமும் போனாலும் தாங்குவீங்களா?”

மேஸ்திரி தலையசைத்தார்.

“இந்தப் பணம் சீக்கிரமே செலவுக்கு வேணுமா?”

மீண்டும் தலையசைத்தார். அவருக்குப் பின்னால் கதவொன்று படாரென்று சாத்திக்கொண்டது. ஆலோசகர் திடுக்கிட்டார், மேஸ்திரி இமைக்கவும் இல்லை.

“ஒண்ணு விடாம கேட்டிருக்கேன். போதுமா மேடம்?”

“இன்னொரு தடவை போடுங்க.”

இரண்டாம் முறை பார்த்தபின் அதிகாரி ஆலோசகரின் பக்கம் திரும்பினார்.

“நீங்களும் பொய் சொல்லலை, அவரும் பொய் சொல்லலை. தறி ஓடுற சத்தத்துல பேச்சு கேக்காது சார். அங்க வேலை பாக்கிறவங்க உதட்டைப் பாத்தே பேசிக்குவாங்க. அந்தச் சத்தத்துலயே அவருக்குக் காதும் போயிடுச்சு. வெளியில சொல்ல வெக்கம். எதிராளி முகம் தெரியலைன்னா சும்மா தலையாட்டிடுவார். எங்கிட்டயும் அப்படித்தான் ஆட்டினார்.”

“காது கேக்காதுன்னு அவர் சொல்லவே இல்லையே! அது என் தப்பா?”

“அது உங்க தப்பில்லை. முதல் போனாலும் தாங்குவேன்கிறவர், அடுத்த மூச்சுலயே பணம் சீக்கிரம் வேணும்கிறார். ரெண்டும் எப்படி சார் ஒத்துப்போகும்? அங்கயே நிறுத்தி, திரும்பி அவர் முகத்தைப் பாத்து, ஏன்னு கேட்டிருக்கணும். அதுக்குத்தானே உங்களுக்குக் கட்டணம்? நீங்க திருடலை. ஆனா இந்த நஷ்டத்துக்குப் பொறுப்பாளி நீங்கதான்.”

ஆலோசகர் திரையை அணைத்தார்.

மறுநாள் காலை, அதிகாரி மேஸ்திரிக்கு நேரெதிரே அமர்ந்தார்.

“பணம் திரும்பக் கிடைக்க வழி இருக்கு ஐயா. ஆனா கோர்ட்டுல, எல்லார் முன்னாடியும், காது கேக்காதுன்னு நீங்களே சொல்லணும்.”

மேஸ்திரியின் முகம் கறுத்தது. இத்தனை ஆண்டுகளாக மருமகனிடமும் அண்டை வீட்டாரிடமும் தலையாட்டியே காத்துவந்த மானம் அது. இம்முறை அவர் தலையசைக்கவில்லை.

மனைவி மங்கிய கண்களை இடுக்கிக் கணவரின் முகத்தைத் தேடி, ஓசையின்றி ஏதோ சொன்னார். அன்று பார்த்தது திட்டல்ல, தறிக்காரர் பேச்சு, அந்த அம்மாளின் காதும் அதே ஆலையில்தான் போயிற்று என்பது அதிகாரிக்கு அப்போதுதான் உறைத்தது. கண்ணும் போய்விட்டால், இவ்விருவருக்குமிடையே பேச்சே இராது.

மேஸ்திரி மனைவியின் உதடுகளிலிருந்து பார்வையை எடுக்காமலே பதிலளித்தார்.

“சொல்றேம்மா. சத்தமாவே சொல்றேன்.”