அக்கா கொண்டுவந்த பனங்கிழங்கு

அற்புதமணி தூக்குச்சட்டியின் மூடியைத் திறந்ததும் வீடு முழுக்க விளமீன் குழம்பின் வாசம் ஏறியது. கட்டிலில் சாய்ந்திருந்த தம்பி வளனின் முகம் மலர்ந்ததே... அந்த மலர்ச்சிதான் அவன் மனைவி பிளாரன்ஸைச் சுட்டது! கஞ்சிக் கிண்ணத்தோடு அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏளா, என் தம்பிய இப்படி எலும்பும் தோலுமா ஆக்கி வச்சிருக்கியே! கடக்கர புன்னக்காயல்ல பொறந்தவனுக்கு மூணு வேளையும் கஞ்சியா? ஆஸ்பத்திரியில குடலத்தான வெட்டுனாவ, நாக்கையுமா வெட்டுனாவ?"

"டாக்டர் சொன்னதத்தான் குடுக்கேன் மைனி..."

"டாக்டரா அவன வளத்தாரு? அம்மா போனதும் கல்யாணமே வேண்டாம்னுட்டு, மடியில போட்டு ஊட்டுனவ நான்!"

கல்யாணமான நாளிலிருந்து பிளாரன்ஸ் கேட்டு வரும் பேச்சு இது. அவள் எந்தக் குழம்பை வைத்தாலும் வளன் ஒரு வாய் தின்றுவிட்டு, "அக்கா வைக்க மாதிரி இல்ல" என்பான்.

துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவன் அவன். புண் முற்றியதால் பெருங்குடலையே எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து பை பொருத்தியிருந்தார்கள். அதை முதன்முதலில் பார்த்தபோது சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவன், மனைவியைத் தவிர யாரையும் கிட்டே விடவில்லை. பை மாற்றியதும், உப்பும் சர்க்கரையும் கரைத்துக் கொடுத்ததும், குழைந்த சோற்றை ஊட்டியதும் பிளாரன்ஸ்தான். அத்தனை துயரத்திலும் அவளுக்குள் ஒரு ரகசிய நிறைவு... இனி இவருக்கு என் கைச் சோறு மட்டும்தான்!

"குழம்பு வேண்டாம் மைனி" என்று தூக்குச்சட்டியை எடுத்து உள்ளே வைத்தாள். வளன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கஞ்சியைத் தொடவும் இல்லை.

மதியம் அவள் பை வாங்க மருந்துக்கடைக்குப் போய் வருவதற்குள் அது நடந்துவிட்டது. சாயங்காலம் வளன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டான். பையில் ஒன்றுமே இறங்கவில்லை. அடுத்தடுத்து வாந்தி.

"உன் கஞ்சிதாம்ளா அவன இந்தப் பாடு படுத்துது!" என்று அற்புதமணி அலறினாள். பிளாரன்ஸ் ஆட்டோவை அழைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஊசியும் குளுக்கோஸும் ஏறின. வெகுநேரம் கழித்துப் பை மெல்ல நிரம்பத் தொடங்கியதும் நர்ஸ் சுஜிதா கேட்டாள். "மதியம் என்ன சாப்ட்டாரு?"

அற்புதமணியின் குரல் உள்ளே போனது. "பனங்கிழங்கு... அவிச்சுக் கொண்டாந்தேன். ஆசையா கேட்டான்..."

"ஐயோ! அது அத்தனையும் நாரும்மா. அதான் குடல்ல அடைச்சிட்டு. இவங்க இவ்வளவு கவனமா பாத்ததாலதான் இதுவரைக்கும் ஒண்ணும் ஆகல. பை ஒட்டுற தோல்ல ஒரு புண்ணு கிடையாது, பாருங்க!" என்ற சுஜிதா பிளாரன்ஸிடம் திரும்பினாள். "ஆனா அக்கா, இன்னுமா கஞ்சி? மீன், முட்டை, தோல் சீவுன உருளக்கிழங்கு எல்லாம் ஒண்ணொண்ணா சேத்துப் பாருங்கன்னு போன தடவையே சொன்னேனே?"

பிளாரன்ஸ் தலை குனிந்தாள்.

"கேட்டியால தம்பி!" என்று அற்புதமணி எழுந்தாள்.

"அக்கா, சும்மா இரு." வளன் கையை நீட்டி அவளைத் தடுத்தான். "ஆபரேஷன் ஆனதுலேருந்து இவ மீன தொடல. எனக்கு ஊத்துற கஞ்சியத்தான் இவளும் குடிக்கா. அது தெரியுமா உனக்கு?"

பிளாரன்ஸுக்குக் கண்ணீர் பொங்கிவிட்டது.

"மைனி சொல்லுததும் நெசந்தான். மீன் குடுக்கலாம்னு எனக்குத் தெரியும். குடுத்தா ஒங்க குழம்பத்தான கேப்பாவ... அந்தப் பொறாமையில கஞ்சியிலேயே வச்சிருந்தேன் மைனி!"

"ஏளா... எனக்கு மட்டும் எரியலயா? தூக்கி வளத்த என்னைய அந்தப் பையத் தொடவிடாம, உன்னயல்லா கூப்பிடுதான்! எங்கையால அவன் ஒரு வாய் திங்கணும்னுதான் அந்தக் கிழங்க..." சொல்லி முடிக்காமல் அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள் அற்புதமணி. "உசிரக் காப்பாத்துனவள வாய்க்கு வந்தபடி பேசிட்டனே..."

வீடு திரும்பி, சில நாள் குழைந்த சோறு ஒத்துக்கொண்ட பிறகு, அற்புதமணி அடுக்களைக்கு வந்தாள். "நீ சொல்லுளா, என்ன போடலாம், என்ன போடக்கூடாது?"

பிளாரன்ஸ் சொல்லச் சொல்ல, வடிகட்டிய தேங்காய்ப்பாலில் காரம் குறைத்து மீன் சொதி கொதித்தது. பிளாரன்ஸ் முள் நீக்கிப் பிசைந்து கொடுக்க, வளன் நன்றாக மென்று, மெதுவாகத் தின்றான். "போதுமா தம்பி?" என்ற அக்காவிடம், "இன்னுங் கொஞ்சம் ஊத்துக்கா" என்றான்.

அற்புதமணி இன்னொரு தட்டில் சோறு போட்டுச் சொதியை ஊற்றி பிளாரன்ஸின் முன்னால் வைத்தாள். "நீ மீன் திங்காம நான் ஊருக்குப் போவமாட்டேன்."

பிளாரன்ஸ் ஒரு வாய் தின்றாள். இரண்டாவது வாயும் தின்றாள்.

"நல்லாருக்கு மைனி."

இத்தனை வருஷத்தில் அவள் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.